அரிக்கமேட்டு மணியும் ஜன்னல் புனிதர்களும்

நீடாமங்கலம் வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குக் கோயில் ஜன்னலில் வண்ணக் கண்ணாடியாக நிற்கும் புனிதர்கள் பழகிய முகங்கள். ஆனால் அவர்கள் வந்த வழி நெடியது. அதன் ஒரு முனை நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேடு. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வண்ணக் கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழாயாக இழுத்து, நறுக்கி மணிகள் செய்தார்கள். இலங்கையின் மாந்தையிலும் தாய்லாந்திலும் அதே நுட்பத்தில் மணிகள் செய்தார்கள். இவ்வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. எதிர்த்திசையிலும் வணிகம் நடந்தது: மேற்கிலிருந்து முசிறிக்குக் கச்சாக் கண்ணாடி வந்ததை கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல் வழிகாட்டி நூல் சொல்கிறது.

ஐரோப்பாவில் வண்ணக் கண்ணாடி ஜன்னலேறியது. 12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோஃபிலஸ் செய்முறையே எழுதிவைத்தார்: இரண்டு பங்கு பீச் மரச் சாம்பல், ஒரு பங்கு மணல். உலோகங்கள் நிறம் தந்தன; கோபால்ட் என்றால் நீலம். வெட்டிய துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்தார்கள். 1144இல் பாரிஸ் அருகே செயின்ட் டெனிஸ் ஆலயத்தின் புதிய பீடப்பகுதியை மடாதிபதி சூஜே வண்ண ஒளியால் நிரப்பினார். பிற ஊர்களுக்கும் அந்த ஆசை தொற்றியது.

புனிதர்களின் தலையைச் சுற்றிய பொன்னொளிக்கு ஓர் அழகான கதை உண்டு. பொலோஞ்யாவில் வாழ்ந்த ஊல்ம் நகர யாக்கோபு என்ற துறவியின் அங்கியிலிருந்து ஒரு வெள்ளிப் பொத்தான் கழன்று சூளைக் கண்ணாடியில் விழ, அது மஞ்சளாக மாறியதாம். கதை இனிது, வரலாறு அதைவிட இனிது. யாக்கோபு 15ஆம் நூற்றாண்டுக்காரர். எகிப்து, சிரியாவின் முஸ்லிம் கைவினைஞர்களோ 8ஆம் நூற்றாண்டிலேயே கண்ணாடிக் கோப்பைகளில் வெள்ளி உப்பைத் தீட்டிச் சுட்டார்கள். 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்த வித்தை பிரான்ஸின் ஜன்னல்களுக்கு வந்துவிட்டது.

பிறகு கெட்ட காலம். இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தக்காரர்கள் ஜன்னல் உருவங்களை உடைத்தார்கள். முப்பதாண்டுப் போரில் லொரேன் பகுதியின் கண்ணாடிச் சூளைகள் அழிந்தன. 1827இல் பவேரிய மன்னர் முதலாம் லூட்விக் ம்யூனிக்கில் பட்டறை தொடங்கியதும் கலைக்கு மறுபடி உயிர் வந்தது. அங்கிருந்து புனிதர்கள் பெட்டிகளில் உலகெங்கும் ஏற்றுமதியானார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சரக்குக்கு நம் துறைமுகங்கள் கிட்டத்தில் வந்துவிட்டன.

1907இல் புதுச்சேரி திருஇருதய ஆண்டவர் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. திருஇருதய பக்தி கொண்ட 28 புனிதர்கள் அதன் கண்ணாடிகளில் இருக்கிறார்கள். அரிக்கமேடு அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். உலகுக்கு வண்ணக் கண்ணாடி அனுப்பிய கரையில், வண்ணக் கண்ணாடி வேற்று முகங்களோடு வந்து குடியேறியிருக்கிறது.

இப்போது வண்ணக் கண்ணாடிக்கும் நகல் வந்துவிட்டது: சாதாரணக் கண்ணாடியில் ஒட்டும் பிளாஸ்டிக் படம். பங்குப் பேரவைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஜன்னல் விரிசல் விட்டால் அதைக் கழற்றிவிட்டுப் படம் ஒட்டாதீர்கள். உடைந்த துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஈயப் பட்டையை மாற்றி அவற்றை மறுபடி இணைக்க முடியும்.