கிருபை (கிறிஸ்தவம்)

கிருபை என்பது, மனிதன் தன் புண்ணியத்தாலோ முயற்சியாலோ ஈட்டிக்கொள்ள இயலாததும், இயேசு கிறிஸ்துவின் வாயிலாகக் கடவுள் தம் அன்பினால் இலவசமாக அளிப்பதுமான தயவைக் குறிக்கும் கிறிஸ்தவ சமயச் சொல். வேலை செய்தவனுக்குத் தரப்படும் கூலி கடனேயன்றிக் கிருபையாகாது என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் வகுத்த வேறுபாடு, தைத்த உருப்படிகளை எண்ணிப் பீஸ் ரேட் கணக்கில் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு எந்த வியாக்கியானமும் இன்றியே விளங்கும். அந்தக் கணக்கு முற்றிலும் நின்றுபோகும் இடமே கிருபையின் இடம்.

5ஆம் நூற்றாண்டில் பெலாஜியஸின் கொள்கையை மறுத்து அகுஸ்தீன் விரித்துரைத்த கிருபைக் கோட்பாடு, லூத்தரின் சீர்திருத்தத்தில் பெரும் பிளவுக்குக் காரணமாயிற்று. 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை அதனைப் பெரிதும் தணித்தது.

தமிழ்நாட்டில் இப்பொருளை ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர், திருப்பூரையும் உள்ளடக்கிய கோயம்புத்தூர்ப் பகுதிக்குத் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக 1950 முதல் 1959 வரை விளங்கிய ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975). தமிழ் பக்தி இலக்கியத்தில் தோய்ந்த அவர், யோவானின் எழுத்துக்களை ஆராய்ந்து கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கினார். அப்பக்தி மரபில், தாய்ப்பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்லும் என்னும் தென்கலை வைணவரின் மார்ஜார நியாயம் கிருபைக்கு மிக அணுக்கமான உவமை. ஆயினும், கடவுளே மனிதனாகிச் சிலுவையில் அதற்குரிய விலையைச் செலுத்தினார் என்னும் நம்பிக்கை கிறிஸ்தவத்திற்கே உரியது.

புராட்டஸ்டண்டுச் சபைகளில் வழங்கும் பழைய வேதாகமம் 'கிருபை' என்று கூறுவதை, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'அருள்' என்கிறது.