விலாசம் தொலைத்த கம்ப்யூட்டர்

போன மாதம் ஒரு காலையில் என் லேப்டாப், பயாஸ் அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். கொஞ்ச நேரம் திரை இருண்டு கிடந்தது. பிறகு நீலத் திரை. விண்டோஸ் தொடங்க வேண்டிய டிஸ்கை அணுக முடியவில்லையாம்.

ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் பென் டிரைவைச் செருகி விண்டோஸ் இன்ஸ்டால் செய்யப் பார்த்தான். டிஸ்க் பட்டியல் காலியாக வந்தது. "எஸ்எஸ்டி போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றான்.

அந்த எஸ்எஸ்டியில்தான் பிரெஞ்சுக்காரர் காலத்து உத்தியோகம் பற்றிய அப்பாவின் கடிதங்களும் பென்ஷன் காகிதங்களும் இருந்தன. இரண்டு வருடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தவை. மூலக் காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. வேறு நகல் எடுத்து வைக்கவில்லை, அது என் தப்பு. யோசித்துச் சொல்கிறேன் என்று லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஒரு வாரம் இதைப் பற்றியே படித்தேன். படித்ததில் தெரிந்தது, இது நாற்பது வருடத்துப் பழைய வியாதி.

பயாஸ் என்ற பெயர் 1970களின் நடுவில் வந்தது. கேரி கில்டால் என்ற அமெரிக்கர் தாம் எழுதிய சிபி/எம் என்ற சிஸ்டத்தில் ஒரு பகுதிக்கு அந்தப் பெயரை வைத்தார். மிஷினுக்கு மிஷின் மாறும் விவரங்கள் எல்லாம் அந்தப் பகுதிக்குள் அடங்கும். மற்றதை மாற்றி எழுத வேண்டாம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது பயாஸை 8 கிலோபைட் அளவில் ரோம் சிப்பில் பதித்துக் கொடுத்தது. அதை யாரும் அழிக்க முடியாது.

சிக்கல் ஹார்ட் டிஸ்கோடு வந்தது. 1984இல் வந்த பிசி ஏடி மிஷினுக்கு, தன்னிடம் இருப்பது என்ன டிஸ்க் என்று தானாகத் தெரியாது. டிஸ்கின் வகை எண்ணை நாம்தான் சொல்ல வேண்டும். அதை ஒரு சின்ன சீமாஸ் நினைவகத்தில் குறித்துக்கொள்ளும். அந்த நினைவகம் ஒரு பேட்டரியை நம்பி இருந்தது. பேட்டரி தீர்ந்தால் எண் மறந்துபோகும், டிஸ்கும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிஸ்கில் ஒரு எழுத்துகூட அழிந்திருக்காது. ரெக்கார்டு ரூமில் கட்டுகள் அப்படியே இருக்க, இண்டெக்ஸ் ரிஜிஸ்தர் மட்டும் தொலைந்த கதை. எங்கள் ஆபீசில் இருந்த பழைய மிஷினின் மூடியில் யாரோ புத்திசாலி அந்த எண்ணை எழுதி ஒட்டி வைத்திருந்தார். பிறகு வந்த டிஸ்குகள் தம் விவரத்தைத் தாமே சொல்லக் கற்றுக்கொண்டன.

90களில் ரோமுக்குப் பதில் ஃபிளாஷ் சிப் வந்தது. பயாஸில் தப்பு இருந்தால் சிப்பை மாற்றாமலே திருத்தி எழுதலாம். திருத்த முடிந்ததை அழிக்கவும் முடியும் அல்லவா? தைவானில் ஒரு மாணவர் 1998இல் எழுதிய சிஐஎச் வைரஸ் அதைத்தான் செய்தது. 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் அது டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. இடம் கொடுத்த மிஷின்களில் பயாஸையும் அழித்தது. செர்னோபில் விபத்து நடந்த தேதியும் அதுவே என்பதால் செர்னோபில் வைரஸ் என்றே அழைத்தார்கள்.

இனி என் லேப்டாப்புக்கு வருகிறேன். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை பிராசசர்கள் முதல் பல லேப்டாப்புகளில் விஎம்டி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. எஸ்எஸ்டியை அது ஒரு கன்ட்ரோலருக்குப் பின்னால் நிறுத்திவிடும். அதற்குரிய டிரைவர் இல்லாத விண்டோஸுக்கு எஸ்எஸ்டி தெரியாது. விண்டோஸ் போட்ட அன்றைக்கு என் பேரன் விஎம்டியை அணைத்து வைத்திருந்தான். அப்டேட் ஆனபோது செட்டிங் எல்லாம் கம்பெனி வைத்தபடி திரும்பிவிட்டது, விஎம்டி மறுபடி விழித்துக்கொண்டது. கடையில் பட்டியல் காலியாக வந்ததும் இதனால்தான்.

பேரனைப் போனில் வைத்துக்கொண்டு, மிஷினைப் போட்டதும் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனேன். "எஸ்எஸ்டி பேரு தெரியுதா தாத்தா?" என்றான். தெரிந்தது. விஎம்டியை அணைத்துச் சேமித்தேன். விண்டோஸ் எழுந்தது. அப்பாவின் கடிதங்கள் ஒன்று குறையாமல் இருந்தன.

என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை. பயாஸ் அப்டேட்டுக்கு முன்னால் முக்கியமானவற்றை நகல் எடுங்கள். செட்டிங் பக்கங்களை மொபைலில் படம் பிடியுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சார்ஜரைச் செருகியே வையுங்கள், பாதியில் கரண்ட் போனால் ஆபத்து.

பிறகு டிஸ்கைக் காணோம் என்றால், முதலில் பயாஸில் அதன் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். விஎம்டி, ஏஎச்சிஐ, ரெய்டு போன்ற செட்டிங் மாறியிருக்கிறதா, பூட் வரிசை சரியா என்று பார்த்து, பழையபடி வையுங்கள். பயாஸிலேயே பெயர் இல்லை என்றால், தெரிந்தவரைக் கொண்டு எஸ்எஸ்டியைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால்தான் டிஸ்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே ஒரு வெளி டிஸ்க் வாங்கிவிட்டேன். கடிதங்கள் இப்போது அதிலும் இருக்கின்றன, பேரனிடமும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.