துணை முகப்பு விளக்கு இணைப்பு

துணை முகப்பு விளக்கு இணைப்பு என்பது பழைய ஊர்திகளில் ஹெட்லைட்டுக்குத் துணையாகக் கூடுதல் விளக்குகளைத் தனி வயரிங்கில் பொருத்தும் முறை. தொலைவொளி விளக்கு, பனிவிளக்கு என இருவகை. 12 வோல்ட் அமைப்பில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அம்பாசடர், பத்மினி கார்களின் பழைய சுவிட்சில் நேரே கொடுத்தால் முனை கருகும். எனவே மின்காந்தச் சுவிட்சான ரிலே இன்றியமையாதது. அதன் 30ஆம் முனைக்கு பேட்டரி மின்சாரம் 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியே வரும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். 87 விளக்குக்குச் செல்லும், தொலைவொளி விளக்கெனில் 86 ஹைபீம் வயரில் சேரும், 85 எர்த். பெயின்ட் சுரண்டாத தகட்டில் எர்த் கொடுத்தால் ஒளி மங்கும். சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் வாகன மின்கருவிகளுக்குப் பெயர்பெற்றது. இன்றைய பல கார்களில் பனிவிளக்கு வயரிங் ஆலையிலேயே அமைகிறது.