சாங்கி - விமான நிலையத்துக்கு முந்தைய கதை

சாங்கி என்ற பெயரைக் கேட்டதும் இன்றைக்கு எல்லோருக்கும் ஞாபகம் வருவது சிங்கப்பூர் விமான நிலையம்தான். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போகிறவர்கள் சிங்கப்பூரில் முதலில் கால் வைக்கும் இடம் அது. ஆனால் அந்த விமான நிலையம் திறக்கப்பட்டது 1981-ல். அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் சாங்கி ஒரு ராணுவ ஊர். பீரங்கித் தளம், படைக் குடியிருப்பு, சிறை, போர்க்கைதி முகாம், விமானத் தளம் என்று அந்தக் கடற்கரை போட்ட வேஷங்கள் நிறைய!

ஏன் சாங்கி?

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் கடற்படை வளர்ந்துகொண்டே போனது. கிழக்கே இருந்த தன் காலனிகளைக் காப்பாற்ற, சிங்கப்பூரின் வடக்குக் கரையில் செம்பவாங்கில் ஒரு பெரிய கடற்படைத் தளம் கட்ட பிரிட்டன் முடிவு செய்தது. அங்கே போகும் பெரிய கப்பல்கள் கிழக்குப் பக்கமாக ஜோகூர் நீரிணைக்குள் நுழைய வேண்டும். அந்த நுழைவாயிலில் வாட்ச்மேன் போல நிற்கும் இடம் தீவின் கிழக்கு முனை, அதாவது சாங்கி.

1920-களின் கடைசியில் காட்டையும் சதுப்பு நிலத்தையும் திருத்தி வேலை தொடங்கியது. பணப் பிரச்சனையால் நடுவில் நின்றது. ஜப்பான் 1931-ல் மஞ்சூரியாவைப் பிடித்த பிறகு மறுபடி வேகம் பிடித்தது. ராபர்ட்ஸ், கிச்சனர், செலராங் என்று வரிசையாகப் படைக் குடியிருப்புகள் எழுந்தன. 1936-ல் சுமார் 600 கைதிகளுக்கான சாங்கி சிறையும் கட்டி முடிக்கப்பட்டது. இந்த 600 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பீரங்கிகள் தவறான திசையில் இருந்தனவா?

சாங்கியில் இருந்த மூன்று 15 அங்குல பீரங்கிகளுக்கு ஜோகூர் பீரங்கித் தளம் என்று பெயர். 1935-ல் ஜோகூர் சுல்தான் பிரிட்டனுக்கு 5 லட்சம் பவுண்ட் அன்பளிப்பு கொடுத்தார். அதில் பெரும்பகுதி இங்கேதான் செலவானது.

"பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து இருந்தன, ஜப்பான்காரன் பின்பக்கமாக நிலம் வழியே வந்துவிட்டான்" என்ற கதை ரொம்பப் பிரபலம். அது பாதி உண்மைதான். மூன்றில் இரண்டு பீரங்கிகளை நிலத்தின் பக்கமும் திருப்ப முடிந்தது. திருப்பிச் சுடவும் செய்தார்கள். பிரச்சனை குண்டுகளில் இருந்தது. கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கிற குண்டுகள். அவை மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து வெடிக்குமே தவிர, பரவி வருகிற காலாட்படையை அதிகம் பாதிக்காது. எந்த எதிரிக்காகப் பணம் போட்டார்களோ அந்த எதிரி அந்த வழியாக வரவில்லை!

1942 பிப்ரவரி 7-ல் சாங்கிக்கு எதிரே இருக்கும் உபின் தீவில் ஜப்பானியர் இறங்கினார்கள். அது கண்துடைப்பு. மறுநாள் இரவு உண்மையான தாக்குதல் வடமேற்குக் கரையில் நடந்தது. கடைசியில் ஆங்கிலேயர்கள் தங்கள் பீரங்கிகளைத் தாங்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். பிப்ரவரி 15-ல் சரணடைந்தார்கள்.

கட்டியவர்களே கைதிகள்

இரண்டே நாளில் சுமார் 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். தங்களுக்காகக் கட்டிய குடியிருப்புகளிலேயே கைதிகளாக இருந்தார்கள். 600 பேருக்கான சிறையில், பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏறக்குறைய 3,000 ஐரோப்பியப் பொதுமக்கள் அடைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 20-ல் சாங்கி கடற்கரையில் 66 சீன ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில், "தப்பிக்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கைதிகள் மறுத்தார்கள். 15,000-க்கும் மேற்பட்டவர்களை செலராங் மைதானத்திலும் சுற்றியிருந்த கட்டடங்களிலும் நாள் கணக்கில் நெருக்கி வைத்தார்கள். தண்ணீருக்கே திண்டாட்டம், கழிப்பிடத்துக்கு மைதானத்தைத் தோண்ட வேண்டிய நிலை. தப்பிப் பிடிபட்ட நான்கு பேரைக் கடற்கரையில் சுட்டார்கள். நோய் பரவும் என்று பயந்து, கட்டாயத்தின் பேரில் கையெழுத்திடுவதாகச் சொல்லி கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். உத்தரவிட்ட ஜப்பானிய அதிகாரி ஃபுகுயேக்குப் போருக்குப் பிறகு, 1946-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்தியர்கள் எங்கே?

பிரிட்டிஷ் படையில் இருந்த சுமார் 45,000 இந்திய வீரர்களைத் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய ராணுவம் அங்கிருந்துதான் உருவானது. சாங்கி கடற்கரையில் அந்த நான்கு பேரைச் சுட வைக்கப்பட்டதும் இந்தப் பக்கம் போயிருந்த காவலர்களைத்தான். சரித்திரத்தில் எல்லாமே நமக்குப் பெருமையாக அமைவதில்லை.

இன்னொரு தொடர்பு இதைவிடக் கனமானது. சாங்கியிலிருந்து ஆயிரக்கணக்கான கைதிகள் சயாம் - பர்மா ரயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள். அதே பாதைக்கு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களும் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் அங்கே செத்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை, செத்த போர்க்கைதிகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு. போர்க்கைதிகளுக்குப் பட்டாளத்தில் பெயர்ப் பதிவேடு இருந்தது. அதனால் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்துத் தமிழனுக்குப் பதிவேடும் இல்லை, பெயர் பொறித்த கல்லறையும் இல்லை.

அதன் பிறகு

கைதிகளை வைத்து ஜப்பானியர் போட்ட ஓடுபாதையை 1946-ல் பிரிட்டிஷ் விமானப் படை எடுத்துக்கொண்டது. 1971-ல் பிரிட்டிஷ் படைகள் பெரும்பாலும் வெளியேறின. 1975-ல் பாய லேபாரிலிருந்து விமான நிலையத்தை இங்கே மாற்ற முடிவானது. கடலைத் தூர்த்து நிலம் எடுத்தார்கள். மூடிக் கிடந்த பீரங்கித் தளத்தின் சுரங்க அறைகள் 1991-ல்தான் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன. பழைய சிறை 2004-ல் இடிக்கப்பட்டது. வாசல் கதவும், 180 மீட்டர் சுவரும், இரண்டு காவல் கோபுரங்களும் மட்டும் மிச்சம் வைக்கப்பட்டு, 2016-ல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

அடுத்த முறை சாங்கியில் இறங்கி வேறு விமானத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு நேரம் இருந்தால், கொஞ்ச தூரத்தில் இருக்கும் சாங்கி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அங்கே எழுதப்பட்ட பெயர்களைப் படிக்கும்போது, எங்கேயும் எழுதப்படாமல் போனவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் நல்லது.