‘சோறு எறங்கல’: உண்ணல் கோளாறு ஆய்வு வரலாற்றில் விடுபட்ட ஒரு நோய்க்குறி

கொமரலிங்கம் பக்கம் வயதுக்கு வந்த பெண் பிள்ளை தட்டைத் தள்ளிவைத்தால் வீட்டார் சொல்லும் முதல் சொல், “சோறு எறங்க மாட்டேங்குது.” அமராவதியின் பழைய ராஜவாய்க்கால் பாய்ந்து நெல் விளையும் ஊர் இது. சாப்பிட்டது வாந்தியாக வந்தால் “தொக்கம் விழுந்திருக்கு” என்பார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப்போவார்கள். அவர் வயிற்றை நீவி, வாய்வைத்து ஊதியோ உறிஞ்சியோ, செரிக்காத பருக்கை ஒன்றை உள்ளங்கையில் எடுத்துக் காட்டுவார். அந்தப் பருக்கையே நோய்க்கு விளக்கமாகிவிடும். அதற்கும் கேட்காவிட்டால் கண்ணேறு கழிப்பார்கள். பிறகு அல்சர் மாத்திரை. பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், பல வீடுகளில் வருவதே இல்லை.

மருத்துவ நூல்களும் இந்தப் பிள்ளையை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. குண்டாகிவிடுவோம் என்ற அச்சம் இருந்தால்தான், உண்ணாமல் மெலியும் நோயான அனோரெக்சியா நெர்வோசா என்று அவை வரையறுத்தன. அந்த அச்சம் எப்போது வரையறைக்குள் வந்தது, எப்படித் தளர்ந்தது என்பதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1689இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன், காசநோய் இல்லாமலே எலும்பும் தோலுமாகிப்போன இளம்பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். அதை ‘நரம்புவழி உடல்தேய்வு’ என்ற பொருளில் குறித்தார். 1873இல் பாரிசில் ஷார்ல் லசேக், லண்டனில் வில்லியம் கல் இருவரும் தனித்தனியே இந்நோயை விவரித்தார்கள். கல் வைத்த பெயரே இன்றும் நிற்கிறது. இவ்விருவரின் விவரிப்பிலும் உடல் பருமன் பற்றிய அச்சம் மையமாக இல்லை. லசேக் விவரிக்கும் பெண், சாப்பிட்டபின் வயிற்றில் ஏதோ சங்கடம் என்கிறாள். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து உணவைக் குறைக்கிறாள், குறைக்கக் குறைக்க இன்னும் குறைக்கிறாள். குடும்பமே அவள் தட்டைச் சுற்றி நிற்கிறது. பாரிசு வீட்டுப் பெண்தான். ஆனால் அவள் பேச்சைக் கொமரலிங்கம் இருக்கிற மடத்துக்குளம் வட்டத்தில் எந்தப் பாட்டியும் புரிந்துகொள்வாள்.

1914இல் மாரிஸ் சிம்மண்ட்ஸ் பிட்யூட்டரி சுரப்பி சிதைவால் வரும் மெலிவை விவரித்தார். அதற்குப்பின் பல ஆண்டுகள், உண்ணாமல் மெலிந்தவர்களும் சுரப்பி நோயாளிகளோடு குழப்பிக்கொள்ளப்பட்டார்கள். 1960களில் ஹில்டே புரூக், தன் உடலின் வடிவைத் தானே தவறாக உணர்வதை நோயின் அடையாளமாக வைத்தார். பருமன் மீதான மிகையச்சத்தை ஜெரால்டு ரசல் முன்னிறுத்தினார். அவரே 1979இல் புலிமியா நெர்வோசாவையும் விவரித்தார்: அள்ளி அள்ளித் தின்பதும், பிறகு வாந்தியெடுத்தோ பேதி மருந்தாலோ வெளியேற்றுவதும். 1980இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு இந்த அச்சத்தை விதியாகவே எழுதியது. அதாவது நோய்க்குப் பெயர் வைத்து நூறு ஆண்டு கழித்தே அது நுழைவுச்சீட்டானது. இதை நான் சிறிய விவரமாகக் கருதவில்லை. எத்தனையோ பெண்கள் அந்தச் சீட்டு இல்லாததால் வாசலிலேயே நின்றுபோனார்கள்.

இந்த விதிக்கு மறுப்பு ஹாங்காங்கிலிருந்து வந்தது. சிங் லீயும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் 70 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 41 பேரிடம் பருமன் அச்சமே இல்லை. வயிறு உப்புகிறது, பசி இல்லை என்றுதான் சொன்னார்கள். இரண்டாண்டு கழித்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உண்ண மறுப்பு, ஓயாத வாந்தி, எடை இழப்பு, மாதவிலக்கு நின்றுபோதல் எல்லாம் இருந்தன. உடல் வடிவம் பற்றிய குழப்பம் மட்டும் இல்லை.

தமிழ்நாட்டுப் பங்கு இங்கே தொடங்குகிறது. சென்னையில் டி.என். சீனிவாசன் குழுவினர் மருத்துவ மாணவர்கள் 210 பேரை ஆராய்ந்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முழு நோயின் வரையறைக்குள் வராத, ஆனால் உணவைச் சுற்றி உழலும் ஒரு நிலையை ஏறத்தாழ ஏழில் ஒருவரிடம் கண்டார்கள். அதற்கு ‘உண்ணல் துயர நிலை’ என்ற பொருளில் பெயரிட்டு, நம்மூருக்கென்று ஒரு வினாப்பட்டியலும் வகுத்தார்கள். மேலைநாட்டு வினாக்களை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் நம் பிள்ளைகள் அகப்படமாட்டார்கள் என்று அவர்கள் உணர்ந்தது பெரிய காரியம். 2007இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வு குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் பதிவேடுகளைப் புரட்டி 41 பேரை அடையாளம் கண்டது. அவர்களில் பெரும்பாலோரின் நோய் மனம்சார் வாந்தி. தொக்கம் எடுப்பவரின் திண்ணையில் நூற்றாண்டுகளாக உட்கார்ந்திருந்த அந்த வாந்தி, ஆய்விதழில் ஒரு வரியாக ஏறியது.

2013இல் வந்த அமெரிக்க வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு கதவைக் கொஞ்சம் திறந்தது. வாயால் அச்சத்தைச் சொல்லாவிட்டாலும், எடை கூடவிடாத நடத்தை தொடர்ந்தால் போதும் என்றது. மாதவிலக்கு நிற்க வேண்டும் என்ற விதி போயிற்று. பருமன் அச்சமின்றி உணவைத் தவிர்க்கும் கோளாறுக்கும், அளவுமீறி உண்ணும் கோளாறுக்கும் தனி இடம் கிடைத்தது.

‘எறங்கல’ என்ற சொல் வெறும் சாக்கு அல்ல என்பதை உடலியல் ஆய்வுகள் காட்டுகின்றன. நீண்ட நாள் பட்டினியில் இரைப்பை காலியாகும் வேகம் குறைகிறது. நாலு வாய் போனதும் வயிறு நிறைந்ததுபோல் கனக்கிறது. மனத்தையும் பட்டினி மாற்றுகிறது. 1944–45இல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ், நலமாயிருந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி உணவு கொடுத்தார். அவர்கள் சமையல் குறிப்புகள் சேர்த்தார்கள், ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் வைத்துத் தின்றார்கள், எரிச்சலும் சோர்வுமாய் ஒதுங்கினார்கள். நோய்க்குணம் என்று நாம் நினைப்பதில் பாதி, பசியின் விளைவு.

இன்றைய மரபணு ஆய்வு இன்னொரு பக்கத்தைத் திறந்திருக்கிறது. 2019இல் அனோரெக்சியா நோயாளிகள் 16,992 பேரின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைக் கண்டார்கள். மனநோய்களோடு மட்டுமல்ல, சர்க்கரை, கொழுப்புப் பயன்பாட்டோடும் அதற்கு மரபணுத் தொடர்பு இருப்பது தெரிந்தது. ஆனால் அந்தத் தரவு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் இரத்தம் அந்தக் கணக்கில் இல்லை.

சிகிச்சையில் நமக்கு நெருக்கமானது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு 1987இல் வெளியிட்ட முறை. 19 வயதுக்குள் தொடங்கி மூன்றாண்டு தாண்டாத நோயில், தனி ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு செய்த சிகிச்சை நல்ல பலன் தந்தது. பெற்றோரைக் குற்றம் சொல்லாமல், ஊட்டும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைப்பது அதன் அடிப்படை. பிசைந்து உருட்டிக் கையில் வைக்கும் அம்மா இருக்கிற வீட்டுக்கு இதைப் புரியவைப்பது கடினமல்ல. ஒரு எச்சரிக்கை வேண்டும்: நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று ஏராளமாக ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுபோகலாம். தொடக்க நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

கொமரலிங்கத்தைச் சுற்றிய இந்தப் பின்னலாடை, நூற்பாலை வட்டாரத்தில் மெலிந்த பெண் யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019–21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 12.6 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள், 40.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். ஷிப்ட் மாறி மாறி வேலை, ஆலை விடுதிச் சாப்பாடு, கூலியில் மிச்சம் பிடிக்கும் கட்டாயம் என்று மெலிவுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம். அதனாலேயே உண்ணல் கோளாறு அவற்றுக்குள் எளிதாக ஒளிந்துகொள்கிறது. எடை மிகுந்த பெண் அளவுமீறி உண்ணும் கோளாறோடு வந்தால் அவளுக்குக் கிடைப்பது, வாயைக் கட்டு என்ற அறிவுரைதான்.

பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், எடையும் பார்க்கிறார்கள். இந்த மாத எடைக்குப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு முந்தைய எடையையும் எழுதிப் பார்க்கலாம். சரிவு தெரிந்தால் நாடி பிடிக்கலாம். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அவளைத் தனியே உட்காரவைத்து, குண்டாகிவிடுவாய் என்று பயமா என்று கேட்பதற்கு முன்னால் அவள் மொழியில் கேட்கலாம்: “எப்ப இருந்து கண்ணு எறங்கல?”