கைம்பெண்ணும் கணவர் வீடும்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் ஷஹீதானவர்களுள் மதீனத்து அன்ஸாரித் தோழர் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) ஒருவர். அவர் விட்டுச்சென்ற பொருள் அனைத்தையும் அவருடைய உடன்பிறந்தார் எடுத்துக்கொண்டார். அக்கால அரபு வழக்கில் அது களவன்று. வாளேந்த வல்ல ஆணுக்கே வாரிசுரிமை. மனைவியார் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பொருளற்ற பெண்களுக்கு மணம் கூடாதே என்பது அத்தாயின் கவலை. "அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான்" என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அதன்பின் வாரிசுரிமை வசனம் இறங்கிற்று என ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். உடன்பிறந்தார் அழைக்கப்பட்டார். பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியது அவருக்கு. 24 பங்காக்கினால் 16, 3, 5. அனைத்தையும் எடுத்தவர் ஐந்துடன் நின்றார்.

அந்த எட்டில் ஒன்றை நம் குடும்பங்களில் அறியாதார் இல்லை. இறந்தவருக்குப் பிள்ளை இல்லையெனில் அது நான்கில் ஒன்று. ஆனால் மவுத்தான வீட்டில் கத்தம் ஓதி முடியுமுன்பே, "உமக்கு அரைக்கால் பங்குதானே" என்று கைம்பெண்ணிடம் கூறுவோர், அதற்கு முன்னுள்ள இரண்டு படிகளைத் தாண்டிவிடுகிறார்கள். (பெண்ணுக்கே வீடு கொடுக்கும் காயல்பட்டினம் போன்ற ஊர்களில் இப்பேச்சுக்கு இடம் குறைவு, பிற ஊர்களையே கூறுகிறோம்.)

முதற்படி இத்தா. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் சகோதரி ஃபுரைஆ (ரலி) அவர்களின் கணவர் கொல்லப்பட்டார். குடியிருந்த வீடோ கணவருக்குச் சொந்தமன்று. தம் குடும்பத்தாரிடம் சென்றுவிட அவர் அனுமதி கேட்டார். முதலில் இசைந்த நாயகம் (ஸல்) அவர்கள், திரும்ப அழைத்து, தவணை முடியும்வரை அவ்வீட்டிலேயே இருக்கப் பணித்தார்கள். 4 மாதம் 10 நாள் அங்கேயே இருந்தார். பிற்காலத்தில் கலீஃபா உதுமான் (ரலி) இச்செய்தியை அவரிடமே கேட்டறிந்து, அதன்படி தீர்ப்பளித்தார்கள். மத்ஹபுகளிடையே இதில் நுட்பமான வேறுபாடுகள் உண்டு. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இரண்டாம் படி மஹர். கடனும் மரண சாசனமும் தீர்ந்த பின்னரே பங்கு என்பது குர்ஆனின் விதி. கொடுபடாத மஹர் கடனேயன்றோ? 1916இல் ஹமீரா பீவி வழக்கில் லண்டன் பிரிவிக் கவுன்சில், கணவரின் சொத்தை நேர்மையாகத் தன் வசம் பெற்ற கைம்பெண், மஹர் தீரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம் என ஏற்றது. காத்திருந்த காலத்திற்கு ஈடும் அளித்தது. அதனால் அவள் முழு உரிமையாளர் ஆகிவிடவில்லை. வருவாய்க்குக் கணக்குக் காட்ட வேண்டும். மஹரைச் செலுத்திவிட்டு வாரிசுகள் சாவியைக் கேட்கலாம். அப்போதும் அவளுடைய பங்கு அவளுக்குண்டு.