நுங்கம்பாக்கத்தின் இரண்டு விடியல்கள்

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், வானிலை ஆய்வு மைய வளாகத்தினுள், 18 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792இல் எழுந்த சென்னை வானாய்வுக்கூடத்தின் எஞ்சிய அடையாளம் அது. புயல் செய்திக்காக மட்டுமே நம்மில் பலர் அறிந்துள்ள அவ்விடத்தை, 1872இல் ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தி தேடி வந்தது.

பியேலா வால்மீன் ஏறத்தாழ 6.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1846இல் அது இரண்டாகப் பிளந்திருக்கக் கண்டனர், 1852இல் இரு துண்டுகளும் இணையாக வந்தன, அதன்பின் காணவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, அதன் பாதையைப் பூமி கடந்தபோது ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. வால்மீனே பூமியை உரசிச் சென்றதெனக் கருதினார் கோட்டிங்கன் வானியலார் கிளிங்கர்ஃபூஸ். அப்படியாயின் அது எதிர்த்திசையில், தென்வானின் சென்டாரஸ் மண்டலத்தில் தெரிய வேண்டும். (புதுச்சேரியில் 1689 டிசம்பரில் ஒரு வால்மீனை நோக்கியிருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் எனக் கண்டதும் இம்மண்டலத்திலேதான்.) ஜெர்மனியிலிருந்து பார்க்க வழியில்லை. எனவே 30ஆம் நாள், சென்னையின் அரசு வானியலார் நார்மன் போக்சனுக்குத் தந்தி அனுப்பினார்.

கார்த்திகை விடியலில் மயிலைக் கடற்கரையில் நின்றவர்கள் அறிவர், கீழ்வானம் எத்தனை நாள் திறக்குமென்று. வானியலார் கணக்கில் டிசம்பர் 2, 3 ஆகிய இரு விடியல்களிலும், மேகத்தின் இடைவெளியில் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டார்: முதலில் வட்டமாய், வாலின்றி, மறுநாள் மங்கிய சிறு வாலோடு. மூன்றாம் விடியலை மழைமேகம் மூடிற்று.

இருவர் அல்லது மூவர் சான்றால் வழக்கு நிலைபெறும் என இணைச்சட்டம் ஏற்கிறது. வான்கணிதம் அவ்வளவு இரக்கமுடையதன்று. பாதையைக் கணிக்க மூன்று இரவுகளின் இடக்குறிப்பாவது வேண்டும். போக்சனோ மூன்றாவதை ஊகித்துச் சேர்க்கவில்லை. கண்டதைக் கண்ட அளவிலேயே எழுதினார். விண்மீன்களின் ஒளித்தர அளவுகோலை வகுத்தவர் என உலகம் அவரைப் போற்றுகிறது. நாம் இந்த அடக்கத்தையே பெரிதாக மதிக்கிறோம்.

ஒளிப்படம் எடுத்திருக்கலாகாதா? 1858இலேயே இங்கிலாந்தில் அஷர்வுட் என்பவர் டொனாட்டி வால்மீனைப் படமெடுத்திருந்தார். ஆனால் அது பேரொளி வீசியது. மங்கலான வால்மீனைப் பதிக்கும் ஆற்றல் அக்கால ஈரத்தகடுகளுக்கு இல்லை. 1882இல் டேவிட் கில் நன்னம்பிக்கை முனையில் பெரும் வால்மீனை உலர்தகட்டில் பதித்தபோது, சுற்றிலுமிருந்த எண்ணற்ற விண்மீன்களும் உடன் பதிந்தன. பத்தே ஆண்டு வேறுபாடு!

இன்று அடையாற்று மொட்டைமாடியில் சிறு தொலைநோக்கியோடு கேமராவை இணைக்கும் இளைஞர், பல குறும்படங்களை எடுத்து, வால்மீனின் கருவை மையமாக்கிக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குகிறார். தெருவிளக்கின் ஒளியைக் கழிக்கிறார். மங்கிய வால் மெல்ல எழுகிறது. வால்மீன் நகர்ந்தபடி இருந்ததால் விண்மீன்கள் கோடுகளாய் நீள்கின்றன. அழகிய படம்தான். ஆயினும் அடுக்குவதற்கு முந்தைய மூலப்படங்களே விலைமதிப்புடையன என்போம். வால்மீன் எந்த விண்மீனுக்கு எவ்வளவு அருகில் நின்றதென்பதை அவற்றிலிருந்து எவரும் மீண்டும் அளக்கலாம். போக்சனின் விடியல்களுக்கு அவர் சொல் மட்டுமே உண்டு.

பியேலா அந்நாளில் அவ்விடத்தில் இருந்திருக்க இயலாது எனப் பின்னர் கணக்கிட்டனர். அவர் கண்டது வேறொரு வால்மீன். பட்டியலில் அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1. முன்னுள்ள எக்ஸ், பாதை கணிக்க இயலாதவற்றுக்கு இடும் குறி.